வாசல் பாட்டுக்குப் பதில்

கபேகாவுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. ஐம்பத்தெட்டு வயதாகியும் அப்படியேதான். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுவாள். ஹவாயில் எங்கள் ஊரான இந்த ஹீலோவுக்குள்ளேயே ஒன்பது வீடு மாறியிருக்கிறாள். முதல் கணவன் என்னிடம் வந்து, "லுர்லீன், நான் கட்டிக்கிட்டது பொம்பளையையா காத்தையா?" என்று கேட்டான். நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். ஊர்க்காரர்கள் புருஷன் பெண்டாட்டி வழக்கையெல்லாம் என்னிடம் கொண்டுவந்தால் நான் என்ன செய்ய? போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

பகலில் அவளுக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பெட்டிக்குள் பழமோ செடியோ ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க நிற்கிற வேலை என்பதால் அவளுக்குப் பிடித்திருந்தது. திங்களும் வியாழனும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் தீவு ஆட்டமான ஹூலா சொல்லிக்கொடுப்பாள். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு சலவைக்கூடம்தான் எங்கள் ஆட்ட வீடு. பதினெட்டுப் பெண்கள் ஆட வருகிறார்கள். தபாலாபீஸ் மிச்சியே, ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்டர்லிட்டா என்று எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவர்கள் அல்லது எடுக்கப்போகிறவர்கள். அவளைக் குமு என்று கூப்பிடுவோம். ஆட்டம் சொல்லிக்கொடுப்பவருக்கு அந்தப் பெயர்தான். தனியாக இருக்கும்போது எனக்கு அவள் வாடி போடிதான், சபையில் குமு, வாங்க போங்க.

ஆட்ட வீட்டுக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட முடியாது. வெளியே வரிசையாக நின்று வாசல் பாட்டைப் பாட வேண்டும். வெளியே குளிர், மலையில் மழை, என்னிடம் குரல் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே விடு என்று போகும். குமு உள்ளே நின்று கேட்பாள். குரலில் கவனம் இருந்தால் பதில் பாட்டுப் பாடுவாள், அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். மனசு எங்கேயோ மேய்கிறது என்று தெரிந்தால் பதில் வராது. மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். பதில் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒருத்தியை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் உள்ளே கூப்பிட வழி கிடையாது.

நான் மேளக்காரி. சுரைக்குடுக்கை மேளங்களைத் துடைத்து வைக்க முன்னாடியே பின்கதவு வழியாகப் போய்விடுவேன். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை கபேகாவின் முகத்தைப் பார்க்கும்படி ஆயிற்று.

வெளியே பாட்டு ஆரம்பித்தது. பதினெட்டுக் குரலுக்கு நடுவே பத்தொன்பதாவதாக ஒன்று. கடைசி வரியில் குரலை ஒரு நூல் மேலே தூக்குகிற பழக்கம் உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. கபேகாவின் தங்கை ஹிவா. லாஸ் வேகாஸுக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது.

கபேகா பதில் பாட வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஜன்னலுக்கும் சுவருக்கும் நடக்க ஆரம்பித்தாள். வெளியே மூன்று தடவை பாடினார்கள். மூன்று தடவையும் இவள் நடந்துகொண்டே இருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லு" என்றாள்.

இதற்குக் கோபம்தான் காரணம் என்று ஊர் நினைத்தது. பயம் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முப்பத்தொரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் இரண்டு பேரும் ஹோனோமுவில் கரும்பு ஆலைக் குடியிருப்பில் பிறந்தவர்கள். அவள் அப்பா ஆலையில் மெக்கானிக். கபேகா பத்தொன்பது வயதில் வைகீகிக் கடற்கரைக்கு ஓடிப்போய் ஒரு ஹோட்டலில் வாரத்துக்கு ஆறு நாள் ஆடினாள். பிளாஸ்டிக் இலைப் பாவாடை, காதில் பிளாஸ்டிக் பூ. இரண்டு வருஷம் கழித்து வந்து, "சிரிச்சுச் சிரிச்சுத் தாடை வலிக்குதுடி" என்றாள். அப்போது நவோனே அங்கிளிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஆலையில் பம்பு ஓட்டுகிறவர். தன் கார் கொட்டகையில் சொல்லிக்கொடுத்தார். ஆறு வருஷம் அவரிடம் கற்றோம். அந்த ஆறு வருஷம்தான் கபேகா ஒரே வீட்டில் இருந்தாள்.

படிப்பு முடிகிற கடைசி நாற்பது நாள் கடுமையான விரதம். முடி வெட்டக் கூடாது, இழவு வீட்டுக்குப் போகக் கூடாது, இன்னும் எத்தனையோ கூடாது. முடிவு நாளன்று விடிவதற்கு முன் கடலில் முங்கிவிட்டு வர வேண்டும். மண்ணடுப்பில் வெந்த கறுப்புப் பன்றியில் ஒவ்வொரு பாகத்திலும் கொஞ்சம் சாப்பிட வேண்டும். பிறகு ஆசான், இனி நீ சொல்லிக்கொடுக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை இல்லாவிட்டால் ஆறு வருஷம் ஆடியதும் ஒன்றுதான், அறுபது வருஷம் ஆடியதும் ஒன்றுதான்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் அங்கிள் அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பன்றி மாமரத்தடியில் கட்டிக் கிடந்தது. எங்களுக்கென்று வாங்கியதை இழவுக்கு வந்த ஊரே தின்றது, நாங்களும் அழுதுகொண்டே தின்றோம்.

ஒரு மாசம் கழித்துச் சந்தையில் ஒருத்தி கபேகாவைப் பிடித்துக்கொண்டு, "முடிச்சுட்டீங்களாமே, எங்க அண்ணன் மகளுக்குச் சொல்லிக்குடேன்" என்றாள். கபேகா ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் பப்பாளிப் பழத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த வாயைத் திறப்பது கஷ்டமாகிக்கொண்டே போனது. அவள் நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள், அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் ஒருத்தியைக்கூட முடித்து அனுப்பவில்லை. தனக்கு யாரும் கொடுக்காத வார்த்தையை அவள் எப்படி இன்னொருத்திக்குக் கொடுப்பாள்? ஊரோ அதற்கு வேறு பெயர் வைத்தது. கபேகாவின் கண்டிப்பு மாதிரி யாருக்கு வரும், முப்பது வருஷத்தில் ஒருத்தியையாவது தேறினாள் என்று சொல்லியிருக்கிறாளா என்று மெச்சிக்கொண்டது. அந்த மெச்சலைக் கேட்கும்போதெல்லாம் இவள் தன் பிக்கப் லாரி சாவியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுவாள்.

ஹிவா ஒன்பது வயது இளையவள். பதினெட்டு வயதில் அக்காவிடம் சேர்ந்து பதினோரு வருஷம் ஆடினாள். என் கண்ணால் பார்த்ததில் அவளைப் போல ஆடியவள் இல்லை, கபேகா உட்பட. ஒவ்வொரு வருஷமும், "அக்கா, இந்த வருஷம் என்னை முடிச்சு விடுவியா?" என்று கேட்பாள். ஒவ்வொரு வருஷமும், "இன்னும் பத்தாது" என்பாள் இவள். முதலில் கை சரியில்லை என்றாள். பிறகு கண். பிறகு மனசு சரியில்லை என்றாள். பதினோராவது வருஷம் ஹிவா கல்யாணம் செய்துகொண்டு லாஸ் வேகாஸ் போய்விட்டாள். அங்கேதான் நம் சனம் பாதி கிடக்கிறதே, இங்கே வாடகை கொடுக்க முடியாமல் போனவர்கள். அவர்களுக்கு அவள் ஒரு வகுப்பு ஆரம்பித்தாள் என்று சேதி வந்தது. அப்போது கபேகா எல்லோர் முன்னாலும், "அனுமதி இல்லாம சொல்லிக்குடுக்கிறவ திருடி. நான் இருக்கிறவரைக்கும் இந்த வாசல்ல அவளுக்குப் பதில் கிடையாது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மேளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் துடைக்க எப்போதும் ஏதாவது கிடைத்துவிடும்.

அந்த வார வியாழக்கிழமையும் ஹிவா வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். பதில் வரவில்லை. அடுத்த திங்களும் அப்படியே. ஹீலோ மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டுப் பேரும் பாவாடை நனைந்து கால்களில் ஒட்ட, சலவைக்கூடச் சுவர் ஓரமாக ஒண்டினார்கள். வீட்டுக்குப் போகச் சொல்ல நான் வெளியே வந்தேன்.

"ஆன்ட்டி, எனக்கு நாளைக்குக் காலைல டூட்டி. நிமோனியா வந்தா குமு வந்து ஊசி போடுவாங்களா?" என்றாள் எஸ்டர்லிட்டா.

"உனக்கு வந்தா நீயே போட்டுக்க. எனக்குத்தான் ஆளில்ல" என்றாள் மிச்சியே. பிறகு ஹிவாவின் பக்கம் திரும்பி, "தப்பா நெனக்காதீங்க. நீங்க ஒரு நாள் வராம இருந்தா நாங்க உள்ள போயிடுவோம்" என்றாள்.

"தெரியும். அதுக்குத்தான் வர்றேன்" என்றாள் ஹிவா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிரே இருந்த நூடுல்ஸ் கடைக்குப் போனேன். உட்கார்த்தி, சூடாக ஒரு கிண்ணம் முன்னால் வைத்தேன்.

"என்ன வேணும் உனக்கு? வம்புக்குன்னே வந்திருக்கியா?"

"ஆன்ட்டி, என் வகுப்பை மூடிட்டேன்" என்றாள். "அங்க பொறந்து வளர்ந்த ஒரு பொண்ணு கேட்டா. உங்களுக்கு யாரு அனுமதி குடுத்தாங்கன்னு. சும்மாதான் கேட்டா, வீட்ல அம்மாகிட்ட சொல்றதுக்கு. எனக்குப் பதில் வரல. இருபத்தாறு பேரு என் மூஞ்சியப் பாத்துட்டு நின்னாங்க. அன்னைக்கே பூட்டிட்டேன்."

"அதுக்கு?"

"அக்கா என்னை முடிச்சு விடணும். இல்லன்னா, நீ ஆட்டத்துக்கே லாயக்கில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். நான் போய் எங்கயாவது கேசினோவுல சீட்டுப் போட்டுப் பொழச்சுக்கிறேன். ரெண்டுல ஒண்ணு. இன்னும் பத்தாதுங்கிறத மட்டும் சொல்லக் கூடாது." அவள் நூடுல்ஸைத் தொடவே இல்லை. "பதினோரு வருஷம் கண்ணாடி முன்னாடி நின்னு என்ன குறைன்னு தேடியிருக்கேன் ஆன்ட்டி. இன்னும் தேடறேன்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மிளகாய்த்தூள் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கேன்டீன் வாசலில் கபேகாவின் லாரி வந்து நின்றது. ஏறு என்றாள். ஏறினேன். தெற்கே ஓட்டினாள். எரிமலையைத் தாண்டி, கருங்கல் வெளியைத் தாண்டி, நாலேஹு வந்த பிறகு ஒரு பச்சை கேட்டுக்கு எதிரே நிறுத்தினாள். அது மொகிஹானா ஆன்ட்டியின் வீடு. நவோனே அங்கிளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவரிடமே கற்று முடித்தவர். எண்பத்து நாலு வயது. அங்கிள் விட்ட இடத்திலிருந்து எங்களை முடித்துவைக்க உயிரோடு இருக்கிற ஒரே ஆள்.

"போ. கேட்டைத் திற" என்றேன்.

அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "வருஷா வருஷம் வர்றேன்டி. அங்கிள் செத்த நாளுக்கு. இங்க வரைக்கும் வருவேன், திரும்பிடுவேன்."

"முப்பத்தொரு தடவையா?"

"பெட்ரோல் விலை ஏறினப்பகூட வந்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளை நாலு அறை விடலாம் என்றும் வந்தது. "அந்தப் புள்ள கண்ணாடி முன்னாடி நின்னு தன்கிட்ட என்ன குறைன்னு தேடுதாம். அது தெரியுமா உனக்கு? குறை உன்கிட்ட இருக்கு. நீ அவ தலையில வச்சு அனுப்பிட்ட."

கபேகாவின் விரல்கள் நின்றன. "சொன்னா எல்லாம் போயிடும் லுர்லீன். பதினெட்டுப் பேரும் போயிடுவாங்க. ஊரு காறித் துப்பும். எனக்கு வேற என்னடி இருக்கு?"

"அப்ப அவளுக்கு என்ன இருக்கு?"

அவள் வண்டியை ஹீலோவுக்குத் திருப்பினாள்.

வியாழக்கிழமை ஐந்து மணி. மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே பாட்டு ஆரம்பித்தது, கடைசி வரியில் அந்த ஒரு நூல் குரல் எழும்பியது. கபேகா வழக்கம்போல ஜன்னலுக்கும் சுவருக்கும் நடந்தாள். இரண்டாம் தடவை பாடும்போது சட்டென்று பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். மறுபடியும் ஓடுகிறாள் என்றுதான் நினைத்தேன். லாரி கிளம்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது கேட்கவில்லை. வாசலில் பாட்டு பாதியில் நின்றது.

நான் முன்கதவைத் திறந்து பார்த்தேன். கபேகா மழையில் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் உங்களை உள்ள கூப்பிட முடியாது" என்றாள். "இத்தனை வருஷம் கூப்பிட்டதும் தப்பு. நான் முடிக்கல. நவோனே அங்கிள் அந்த வார்த்தையச் சொல்றதுக்கு முந்தின நாள் போயிட்டாரு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

மிச்சியே என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது.

கபேகா தங்கையிடம் திரும்பினாள். "உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. முதல் வருஷத்துலயே இல்ல. குடுக்கறதுக்கு என்கிட்டதான் இல்ல."

ஹிவா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. "முதல் வருஷத்துலயேவா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். தான் வாடகைக்கு எடுத்து ஓட்டிவந்த காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி ஏறியது. ஆனால் வண்டி கிளம்பவில்லை.

கபேகா பின்னாலேயே போனாள். கார்க் கதவுக்கு வெளியே, ரோட்டில் ஓடுகிற தண்ணீரில் நின்றாள். நின்று வாசல் பாட்டைப் பாடினாள். வெளியே குளிர், மலையில் மழை, என்னிடம் குரல் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் குமு பதில் பாடித்தான் கேட்டிருக்கிறோம், உள்ளே விடக் கேட்டு அவள் பாடி யாரும் பார்த்ததில்லை. காருக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை பாடினாள். மூன்றாம் தடவை பாதியில் குரல் உடைந்தது. உடைந்த குரலை அவள் ஒரு நாளும் உள்ளே விட்டவள் இல்லை. அது ஞாபகம் வந்ததோ என்னவோ, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவள் கால் இரண்டும் ஒரே இடத்தில் நின்றன.

எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. கார்க் கண்ணாடி நாலு விரல் இறங்கியது. உள்ளேயிருந்து ஹிவா பதில் பாட்டைப் பாடினாள். அதைப் பாட அவளுக்கு உரிமை கிடையாது. அங்கே நின்ற எங்கள் எவளுக்கும் கிடையாது. ஆனால் ஒருத்தியும் தடுக்கவில்லை. முழுசாகப் பாடி முடித்தாள்.

கபேகா ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முன்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் செருப்பை எடுக்கப் போவதுபோலப் போய்க் கார்ப் பக்கத்தில் நின்றேன். ஒட்டுக் கேட்கத்தான் போனேன், எதற்கு மறைக்க வேண்டும்?

"நாலேஹுவுல மொகிஹானா ஆன்ட்டி இருக்காங்க" என்று கபேகா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏத்துக்குவாங்களான்னு தெரியாது. திட்டுவாங்க. முதல்ல இருந்து ஆரம்பின்னுகூட சொல்லலாம். நான் போய்க் கேக்கப்போறேன்."

"எப்ப?"

"இப்ப. நாளைக்குன்னா நான் போக மாட்டேன்."

ஹிவா சாவியைப் பிடித்துக்கொண்டாள். "அங்க போனா நான் உனக்கு மாணவி இல்ல. பக்கத்துல நிக்கறவ."

"சரி."

"உன் கை சரியில்லன்னா சொல்லுவேன்."

"சொல்லு."

ஹிவா தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்களும்தானே முடிக்கல?"

"எனக்கு முட்டி வலி. வயசு அம்பத்தொன்பது" என்றேன்.

"பின்னாடி ஏறுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். பதினெட்டுப் பேரும் மழையில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள், ஒருத்திகூட வீட்டுக்குக் கிளம்பவில்லை. உள்ளே கூப்பிட அங்கே யாரும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். மிச்சியே கையை வீசி, போங்க போங்க என்றாள். செருப்பைக் கழற்றி ரோட்டில் விட்டுவிட்டு நான் பின்சீட்டில் ஏறினேன்.